விஞ்ஞானக் கல்வியும் சமூகப் பொறுப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யந்திரம் செய்யக் கற்பிக்கும் சர்வகலாசாலை, அந்த யந்திரத்தால் மனிதருக்கு விளையும் நன்மை தீமைகளை ஆராயவும் கற்பிக்க வேண்டுமா? வேண்டுமாயின் எவ்விடத்தில், எவ்வாறு கற்பிக்க வேண்டும்? இவ்வினாவையொட்டிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

1959ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி, இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சி. பி. சினோ என்பவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் விஞ்ஞானம் பயின்றவர், நாவலாசிரியருமாவார். இலக்கியம் கற்றோரும் விஞ்ஞானம் கற்றோரும், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இரு கூட்டத்தாராய்ப் பிரிந்துவிட்டனர் என்பதே அவருடைய முறைப்பாடு. பிள்ளைகளை இளவயதிலேயே ஒரு துறைக்குள் அடைத்துவிடும் இங்கிலாந்துக் கல்விமுறையை அதற்கொரு காரணமாகக் காட்டினார். அம்முறையின் வழிவந்ததே நமது உயர்தரப் பரீட்சை. கணிதப் பிரிவிற்குச் சென்ற பிள்ளை அதன்பின் பெரும்பாலும் சரித்திரத்தைத் தொடுவதில்லை. கலைப் பிரிவிற்குச் சென்ற பிள்ளை மின்சாரத்தைப் பற்றி ஒரு பாடம் கேட்பதில்லை. ஆகவே அவருடைய முறைப்பாடு நமக்கும் உரியதே.

பத்தாண்டுகள் கழிந்தன. அமெரிக்கா வியட்நாமில் யுத்தம் புரிந்த காலம் அது. மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடங்களில் யுத்தத்திற்கான ஆராய்ச்சி பெருமளவில் நடைபெற்றது. 1969 மார்ச் 4ஆம் திகதி, அங்கிருந்த ஆசிரியரும் மாணவரும் பலர் தம் ஆராய்ச்சியை ஒருநாள் நிறுத்திவைத்து, தாம் கற்ற கல்வி எதற்குப் பயன்படுகின்றது என்று கூடிப் பேசினர். அவ்வாண்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, ஏவுகணைகளை வழிநடத்தும் கருவிகளை ஆக்கிய ஆய்வுகூடம் 1973இல் அந்நிறுவனத்தினின்றும் பிரிக்கப்பட்டது. ஆனால், அன்பர்களே, ஆய்வுகூடம் தனியானதேயன்றி ஏவுகணை வேலை நிற்கவில்லை. படலை மாறிற்று, வேலை மாறவில்லை.

அப்படியாயின் அந்த ஒருநாள் வீணோ? வீணன்று, போதாது என்பதே உண்மை. ஒரு சொற்பொழிவாலும் ஒருநாட் கூட்டத்தாலும் எழும் வினா, நாள்தோறும் நடக்கும் பாடத்தினுள் புகவேண்டும்.

அதே நிறுவனத்தில் யோசப் வைசன்பாம் என்றொரு பேராசிரியர் இருந்தார். மனிதரோடு எழுத்தால் உரையாடும் கணனிச் செய்நிரல் ஒன்றை அவர் 1966இல் வெளியிட்டார். அதற்கு எதுவும் விளங்காது. நாம் எழுதியதையே பெரும்பாலும் வினாவாக மாற்றித் திருப்பித் தரும். இதனை அறிந்திருந்தும், அவருடைய காரியதரிசியான பெண்மணி அதனோடு சிறிதுநேரம் உரையாடியபின், தம்மைத் தனியே விட்டு வெளியே செல்லும்படி அவரையே கேட்டுக்கொண்டார்! தாம் ஆக்கியது மனிதரை என்ன செய்கின்றது என்று அப்பேராசிரியர் திடுக்குற்றார். கணனியாற் செய்ய இயலுமோ என்பது ஒரு வினா, அதனைக்கொண்டு செய்விக்கத் தகுமோ என்பது வேறொரு வினா என்பதை வற்புறுத்தி 1976இல் ஒரு நூலே எழுதினார். ஆக்கியவனே கேட்ட கேள்வியாதலின் அதற்கு வலிமை மிகுதி.

2017இல் ஹாவாட் சர்வகலாசாலை இவ்வழியில் ஒரு படி முன்சென்றது. ஒழுக்கவியலைப் புறம்பான பாடமாக மாத்திரம் வைத்தால், மாணவன் அதனைத் தன் தொழிலோடு தொடர்பற்றதென எண்ணக்கூடும். ஆதலால் தத்துவத் துறையினர் கணனி வகுப்பிற்குள்ளேயே வந்து, அங்கு படிக்கப்படும் பொருளிலிருந்தே நன்மை தீமை பற்றிய வினாவை எழுப்பும் ஏற்பாட்டினை அங்கே தொடங்கினர். வினா, வேலை நடக்கும் மேசைக்கே வந்துவிட்டது. இதுவே யான் சிறந்ததெனக் கருதும் முறை.

வாலிபர்களே! உங்களில் பலர் மொறட்டுவையிலும் பேராதனையிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் பயில்வீர்கள். நாளை உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்படும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதனால் நன்மை யாருக்கு? நட்டம் யாருக்கு? பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? கலை பயிலும் தம்பி தங்கையரே, யந்திரம் எமக்கு விளங்காதென்று ஒதுங்காதீர்கள். அதனால் தொழில் இழப்பவனும் வாழ்வு பெறுபவனும் நம் அயலவர்கள் அல்லரோ?

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உத்தியோகம் கிடைத்த பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று முதலிற் கேட்கிறோம். என்ன வேலை, யாருக்காக என்றும் அடுத்துக் கேட்போமாக.

மாதம் ஒரு மாலை நம் சங்க மண்டபத்திற் கூடுவோம். பொறியியல் மாணவர் ஒருவர் தாம் செய்யும் வேலையை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைக்கட்டும். கலை மாணவரும் முதியோரும் வினாவட்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. சில கதிரைகளும், கேட்கும் பொறுமையும் போதும்.