ரசீதும் அமானிதமும்



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளே! கள்ளக்குறிச்சியிலும், மலைமேல் கரியாலூர், வெள்ளிமலைப் பகுதிகளிலும் கடை வைத்துத் தொழில் செய்துவரும் வியாபாரப் பெருமக்களே!

தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்களை நம்மிடம் கேட்டறிவோர் பலர். பில் போடுவது பற்றி மார்க்கம் என்ன கூறுகிறது என்று கேட்போர் அரிது. ஆயினும் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் வணக்க வழிபாட்டைப் பற்றியதன்று. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்ப வேண்டாம் என்று அது ஏவுகிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தில் எழுதாதிருப்பதைக் குற்றமாக்கவில்லை. எழுதும்போது வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் தெரியுமா? கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். அவர் பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும்.

நமது கடைகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளி அறுவடைக்குப் பின் தருவதாகக் கூறி அரிசி, எண்ணெய், துணி வாங்கிச் செல்கின்றனர். கணக்கு நோட்டு நம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. எழுதுவதும் நாம், கூட்டுவதும் நாம். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அறுவடை நாளில் நாம் சொல்வதே தொகை. இதில் ஏமாற்றவே செய்கிறோம் என்று நாம் கூறவில்லை. ஏமாற்றவில்லை என்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை என்கிறோம். ஒவ்வொரு முறையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, நகல் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் எனில் அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளை படித்துச் சொல்லும். நபி (ஸல்) அவர்களே அத்தாஉ பின் காலித் (ரலி) அவர்களுக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்த செய்தி திர்மிதீ நூலில் உள்ளது. பொருளில் மறைத்த குறையில்லை, வஞ்சகமில்லை என்பது அப்பத்திரத்தின் சாரம்.

இனி வரிக்கு வருவோம். “வரியே அநீதி, ஷரீஅத்தில் மக்ஸ் கண்டிக்கப்பட்டுள்ளதே, செலுத்தாவிட்டால் என்ன?” என்று சில சகோதரர்கள் வினவுகின்றனர். மக்ஸ் பற்றிய கண்டனம் உண்மையே. ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று பெயர் சொல்லி நூறு ரூபாய் வாங்கிவிட்டு, அநீதி என்று கூறி அதை நம் பையில் போட்டுக்கொள்வது எந்த மத்ஹபில் உள்ளது? அப்பணம் நம்முடைய இலாபம் அன்று. ஒப்படைப்பதற்காகத் தரப்பட்ட அமானிதம். வசூலித்த வரியைச் செலுத்தியே ஆக வேண்டும் என்று நாட்டின் சட்டமும் கூறுகிறது.

விவரம் அறியாமல் தவறுவோரும் உளர். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டியில், பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம். இலாபம் அன்று, மொத்த விற்பனை என்பதைக் கவனிக்கவும். தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்குப் பதிவே தேவையில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு பைசாவும் சேர்த்தல் கூடாது. இணக்க வரி, அதாவது காம்போசிஷன் திட்டத்தில் உள்ள வியாபாரி விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். அவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கலாகாது. பதிவுள்ளவர் கணக்கேடுகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்தல் வேண்டும். சரக்கே கைமாறாமல் கமிஷனுக்காகப் பில் மட்டும் எழுதித் தருவது பெரும்பாவங்களில் எண்ணப்படும் பொய்ச்சாட்சியம். இதற்கு நாம் விளக்கம் கூற வேண்டியதில்லை.

இவ்வரியின் பிறப்பு நம் மலைக்கு அண்மையில் நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கல்வராயன் மலையின் ஒரு பகுதி இன்றும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கள், சாராய வருமானம் போனதால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யவே 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. குடியை ஒழிக்கும் செலவை வியாபாரிகள் வழியாகச் சமுதாயம் ஏற்றுக்கொண்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஜனவரி முதல் வாட், பிறகு ஜிஎஸ்டி என வரி வளர்ந்துகொண்டே வந்தது. மதுவிலக்கோ 1971இல் தளர்த்தப்பட்டது. இன்று அரசு இரு வருமானத்தையும் பெறுகிறது. இந்த மனக்குறை நமக்கும் உண்டு. ஆயினும் அது அமானிதத்தை ஹலாலாக்கிவிடாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோனதை நாம் மறந்துவிடவில்லை. மலையில் சாராய ஊறல் போடுவோருக்கு வெல்லம் தேவை. மூட்டை மூட்டையாக வெல்லம் கேட்டு, “பில் வேண்டாம், விலையைக் கூட்டியே தருகிறோம்” என்று ஒருவர் வந்தால், அவர் ஏன் பில்லுக்கு அஞ்சுகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாததன்று. மதுவின் பெயரால் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவரே. பிழிபவரும், சுமப்பவரும், விற்பவரும் அப்பட்டியலில் உள்ளனர். மது தயாரிக்கப் போகிறார் என்று அறிந்தே ஒருவருக்குத் திராட்சை விற்பது பற்றி ஃபிக்ஹ் நூல்களில் இமாம்கள் ஆராய்ந்துள்ளனர். ஹராம் என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆகவே, ஊறலுக்கென்று தெரிந்த வெல்லத்தைப் பில் போட்டு, வரி கட்டி விற்றாலும் அந்த விற்பனை கூடாது.