புதுச் செயலி வாங்கலாமா?

கணிப்பொறி வைத்திருப்பவர்களை ஆண்டுதோறும் வந்து கலக்குகின்ற கேள்வி ஒன்று உண்டு. தம்மிடம் இருக்கும் பொறியின் செயலி பழையதாகிவிட்டது. அதைவிட மிக விரைவானது என்று சொல்லப்படும் புதிய ரகம் கடைக்கு வந்துவிட்டது. மாற்றுவதா, இருப்பதைக் கொண்டே காலந்தள்ளுவதா? செயலி என்று நான் சொல்வது, பிராசசர் என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறு சில்லைத்தான். பொறியின் கணக்கு வேலையைப் பார்ப்பது அது. அதில் உயர்ந்த ரகம் ஒன்றின் விலைக்கு, வீட்டு உபயோகத்திற்குப் போதுமான முழுக் கணிப்பொறி ஒன்றையே வாங்கிவிடலாம். ஆகையால் பலருக்கு இது, கடன் வாங்குவதா வேண்டாவா என்ற கேள்வியாகவே முடிகிறது.

என் தமக்கையின் மகன் இப்படித்தான் ஒரு நாள் வந்தான். கும்பகோணத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் சிறு தொழில் அவனுடையது. அவனிடம் இருந்தது ஏ.எம்.டி. நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ரைசன் 7 3700எக்ஸ் என்னும் செயலி. அவன் வாங்க விரும்பியது அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ரைசன் 9 9950எக்ஸ். வெளிவந்த நாளில் அமெரிக்காவில் அதன் விலை 649 டாலர். "தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும், மாமா. பொறி இப்படியே இருந்தால் ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன நாளில் கொடுக்க முடியாது" என்றான். பணத்திற்கு என்ன வழி என்று கேட்டேன். மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

செயலியோடு முடிந்துவிடும் செலவாக இருந்தாலும் பாதகமில்லை. பழைய செயலி அமர்ந்திருப்பது ஏ.எம்.4 என்னும் சாக்கெட்டில். புதியது 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில்தான் அமரும். எனவே மதர்போர்டு மாற வேண்டும். அந்த மதர்போர்டு டி.டி.ஆர்.5 என்னும் நினைவகத்தை மட்டுமே ஏற்கும். ஆதலால் முன்பு காசு கொடுத்து வாங்கிய டி.டி.ஆர்.4 நினைவகம் அதற்கு உதவாது. பழைய செயலிக்கு நிறுவனம் குறித்த வெப்ப அளவு 65 வாட். புதியதற்கு 170 வாட். முழு வேலை கொடுத்தால் 230 வாட் வரையிலும் அது மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு வெப்பத்தையும் வெளியேற்றப் பெரிய குளிர்விப்பான் வேண்டும். சில்லின் வெப்பம் 95 பாகையைத் தொட்டால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில், மின்விசிறி மட்டும் சுழலும் ஓர் அறையில், விலை கொடுத்து வாங்கிய வேகத்தில் எவ்வளவு நமக்குக் கிடைக்கும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சில்லுக்காகப் புறப்பட்டவனுடைய பட்டியலில் இப்போது நான்கு உருப்படிகள் சேர்ந்துவிட்டன.

முன்னொரு காலத்தில் இந்த முடிவு எளிதாக இருந்தது. செயலியின் வேகத்தைச் சொல்ல ஓர் எண் போதும். அந்த எண் பெரிதானால் எல்லா வேலையும் விரைந்தது. 2004-இல் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 செயலியை 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியும் வரும் என்று அறிவித்திருந்தது. பிறகு அந்த ஆண்டிலேயே அதைக் கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பம் தாங்கமுடியாமல் போனதே இடையூறு. அடுத்த ஆண்டு முதல் மேசைக் கணிப்பொறிகளுக்கும், ஒரே சில்லில் இரண்டு கணக்கர்களை உட்கார வைத்தாற்போல, இரண்டு கோர்கள் கொண்ட செயலிகள் வரத் தொடங்கின. இரண்டு நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. என் மருமானின் பழைய செயலியில் 8 கோர்கள். அவன் விரும்பியதில் 16.

கோர்கள் இரட்டித்தால் வேலையும் பாதி நேரத்தில் முடியுமா? கலியாணச் சமையற்கட்டில் காய் நறுக்க எட்டுப் பேருக்குப் பதில் பதினாறு பேரை அமர்த்துங்கள். நறுக்குவது பாதி நேரத்தில் முடியும். ஆனால் அண்டாவில் அரிசி வேகும் நேரம் குறையாது. இதை 1967-இலேயே ஜீன் அம்டால் என்னும் ஐ.பி.எம். பொறியியலறிஞர் கணிப்பொறிக்குப் பொருத்திச் சொல்லிவிட்டார். எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு கோர் தனியே செய்தால் 60 நிமிடம் பிடிக்கும் வேலை ஒன்று. அதில் 48 நிமிட வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். 12 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டும். எட்டுக் கோர்கள் இருந்தால் 48 நிமிடம் 6 ஆகும். 12-ஐயும் சேர்த்து 18 நிமிடம். பதினாறு கோர்கள் இருந்தால் 48 நிமிடம் 3 ஆகும். மொத்தம் 15 நிமிடம். இரட்டிப்புக் கோர்களால் இந்த வேலையில் மிச்சமானது 3 நிமிடமே.

இவ்வளவோடு நிறுத்தினால் புதிய செயலிக்கு அநீதி செய்தவன் ஆவேன். ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு கோரும் தனித்தனியே வலிமை பெற்றிருக்கிறது. ஒரு துடிப்பில் முடியும் வேலை, 2020-இல் வந்த தலைமுறையில் 19 விழுக்காடும், 2022-இல் 13 விழுக்காடும், 2024-இல் 16 விழுக்காடும் கூடிற்று என்பது ஏ.எம்.டி. நிறுவனமே சொல்லும் கணக்கு. உச்ச வேகமும் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.7-க்கு ஏறியிருக்கிறது. இவற்றைப் பெருக்கினால் ஒரு கோரின் வலிமை ஏறத்தாழ இரண்டு மடங்கு. விற்பவர் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் இது பெரிய முன்னேற்றம். ஓராண்டு இடைவெளியில் மாற்றிக்கொள்பவருக்கு இந்த வாய்ப்பும் கிடையாது. 2022-இல் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ9 13900கே-யையும், 2023-இல் வெளியிட்ட 14900கே-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஆயிரம் ஏறியது. வேகத்தின் உச்சம் 5.8-இலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் ஆயிற்று. உள்ளமைப்போ ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே என் மருமானிடம், புதியது வேகமானதுதான் என்பதில் எனக்கு வழக்கில்லை என்றேன். "ஆனால் நீ காத்திருப்பது செயலிக்காகவா, வேறொன்றிற்காகவா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்" என்று சொல்லி, ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொன்னேன். எப்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானோ, அப்போதெல்லாம் நேரத்தையும், டாஸ்க் மேனேஜர் காட்டும் அளவுகளையும் எழுத வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வருகின்ற பலகை அது. அதைப் படிப்பதில் சிறு நுட்பம் உண்டு. எட்டுக் கோர் செயலியை விண்டோஸ் பதினாறு பங்குகளாகக் கணக்கிடுகிறது. ஒரே பங்கு மூச்சு முட்ட உழைத்து, மற்றவை சும்மா இருந்தால், மொத்த அளவு 6 விழுக்காடு என்றே காட்டும். செயலி ஓய்ந்திருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடலாம். ஆதலின் கோர்களைத் தனித்தனியே காட்டும்படி வரைபடத்தை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

வாரம் முடிந்ததும் குறிப்பைப் படித்தோம். மூன்று விதமான காத்திருத்தல்கள் இருந்தன. முடித்த படத்தை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலை அவற்றுள் நீளமானது. செயலியை வாங்கத் தூண்டியதும் அதுவே. ஆனால் அதை அவன் இரவில் தொடங்கிவிட்டு உறங்கப் போகிறான். உறங்குகிறவனுக்கு மூன்று மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும் ஒன்றுதான். இரண்டாவது, கேமராவிலிருந்து கொண்டுவந்த கோப்புகளைத் திறக்கும்போதும் நகலெடுக்கும்போதும் ஏற்படும் தாமதம். அப்போது செயலி ஓய்ந்தே இருந்தது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 விழுக்காடு என்று காட்டிற்று. எந்தச் செயலியைப் போட்டாலும் அந்தத் தட்டு விரைந்து சுழலப் போவதில்லை.

மூன்றாவதுதான் எங்கள் இருவரையும் சிந்திக்க வைத்தது. தொகுக்கும்போது படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் அது திக்கித் திக்கி ஓடிற்று. பகல் முழுதும் அவனை வாட்டியது அதுவே. அப்போது செயலி எல்லாக் கோர்களிலும் நிறைந்திருந்தது. "பாருங்கள் மாமா, செயலி போதவில்லை" என்றான். செயலி நிறைந்திருந்தது மெய்தான். ஆனால் அந்த வேலை அது செய்ய வேண்டிய வேலைதானா?

அவனுடைய கேமரா, எச்.265 என்னும் முறையில் படத்தைச் சுருக்கிப் பதிகிறது. இம்முறையில் பெரும்பாலான படச்சட்டங்கள் தம்மளவில் முழுமையானவை அல்ல. பக்கத்துச் சட்டத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே அவற்றில் இருக்கும். இடையில் ஓரிடத்தைக் காட்டு என்றால், முன்னே உள்ள பல சட்டங்களையும் விரித்துத்தான் அதைக் காட்ட முடியும். இந்த விரிக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் கார்டுகளில் தனிச் சுற்று ஒன்று உண்டு. ஆனால் என் மருமான், நிறம் நன்றாக வரவேண்டும் என்று கேமராவை 4:2:2 என்னும் நிறச் செறிவு மிகுந்த அளவில் வைத்திருந்தான். கார்டுகளில் மிகப் பலவற்றின் தனிச் சுற்று, குறைந்த செறிவுள்ள 4:2:0 அளவையே அறியும். ஆகவே அவ்வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. 649 டாலர் 9950எக்ஸுக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதிக்கும் அந்த 4:2:2 தெரியாது. 2021 முதல் வந்த இன்டெல் மேசைச் செயலிகளில், உள்ளேயே கிராபிக்ஸ் அமைந்த நடுத்தர விலை ரகங்களுக்கும் அது தெரியும். 2025-இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக் கார்டுகளும் அதைக் கற்றுக்கொண்டன. காசே இல்லாத வழியும் ஒன்று உண்டு. கேமராவின் கோப்புகளுக்குச் சிறிய, எளிய நகல்களை இரவிலேயே உண்டாக்கி வைத்துக்கொண்டு, பகலில் அந்த நகல்களைக் கொண்டு தொகுத்து, இறுதியில் மூலக் கோப்புகளை மாற்றிக்கொள்வது. தொகுப்பு மென்பொருள்களில் இதற்கு ப்ராக்ஸி என்று பெயர். அவனுடைய மென்பொருளிலும் அது இருந்தது; பயன்படுத்தியதில்லை. நகல்களை வைத்து ஓட்டிப் பார்த்தான்; பழைய செயலியிலேயே படம் தடையின்றி ஓடிற்று. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்கினான். சங்கிலி கடைக்குப் போகவில்லை.

எல்லாருக்கும் இதே விடை என்று கொள்ளக்கூடாது. கட்டடங்களின் தோற்றத்தைக் கணிப்பொறியில் வரைந்து தரும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. ஒளியும் நிழலும் விழுவதைச் செயலியைக் கொண்டே கணக்கிடும் மென்பொருள் அவருடையது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கோரும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்ளும். அங்கே அண்டாவில் வேகும் அரிசி என்று சொல்ல அதிகமில்லை. ஒரு படம் முடிந்து அதைப் பார்த்த பிறகே அடுத்த திருத்தம். பகல் வேலையே அதனால் நின்று நின்று நடக்கிறது. அவர் பதினாறு கோர் செயலி வாங்கினால் அதைத் தகாத செலவு என்று சொல்லமாட்டேன். பெரிய மென்பொருள்களை நாளுக்குப் பலமுறை தொகுத்துப் பார்க்கும் நிரலாளருக்கும் அப்படியே. விளையாட்டுக்காக வாங்குவோர், கோர்களின் எண்ணிக்கையை விட்டு, 2024 நவம்பரில் வந்த எட்டுக் கோர் 9800எக்ஸ்3டி போன்றவற்றைப் பார்க்கிறார்கள். அதில் 96 மெகாபைட் இடைநினைவகம் உண்டு. ஆனால் 4கே திரையில் விளையாடுபவர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்காகவே காத்திருப்பார். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு நின்றபோது, விண்டோஸ் 11 ஏற்காத பழைய செயலிகளை வைத்திருந்தவர்களுக்கு வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இடமில்லை.

வாங்குவதென்று தீர்மானித்தவர்களும் வெளிவந்த வாரத்திலேயே கடைக்கு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. உச்ச ரகங்கள் தாங்கும் எல்லையை ஒட்டியே இயக்கப்படுகின்றன. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் சில மிகுதியான மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பொறுத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால் 2025-இன் பிற்பகுதியில் டி.டி.ஆர்.5 விலை மிகவும் ஏறிவிட்டது. செயலி மலிந்து, நினைவகம் ஏறினால் மொத்தச் செலவு குறையாது. ஆகையால் பட்டியல் முழுவதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஏ.எம்.4 மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. 2020 நவம்பரில் வந்த பதினாறு கோர் 5950எக்ஸ், அந்தப் பலகைகள் பலவற்றிலேயே அமரும். நினைவகமும் பழையதே போதும். உங்கள் பலகை அதை ஏற்குமா என்பதை, அதைச் செய்த நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்குமானால், பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே பலகையின் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்; கழற்றிய பின் நினைவு வந்தால் மறுபடியும் பழையதைப் பொருத்த நேரும். பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே அணைத்து, மின்னிணைப்பை நீக்கிவிட்டுக் குளிர்விப்பானை இருபுறமும் மெல்லத் திருகி நெகிழ்த்தி எடுங்கள். இடையில் தடவிய பசை இறுகியிருக்க, வெடுக்கென்று இழுத்தால், ஏ.எம்.4 செயலி சாக்கெட்டை விட்டு அதனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். ஊசிகள் அந்தச் செயலியின் அடியில்தான் இருக்கின்றன. அவை எளிதில் வளைந்துவிடும்.