வாசலண்டை நிற்கும் மருத்துவர்கள்

(ஜவ்வாது மலை மருத்துவ ஊழியத்துக்கான ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில், ஆண்டு முழுவதும் நடந்த சிகிச்சைகளையும் மலைக் கிராமங்களில் நடத்திய முகாம்களையும் குறித்துப் பேசுவோம். இம்முறை வேறொரு காரியத்தைப் பேசும்படி நேரிட்டிருக்கிறது. சென்ற செய்தி மடலைப் படித்த உங்களில் சிலர் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள். "வெளிநாட்டில் மருத்துவம் படித்துவந்த பிள்ளைகளுக்கு விடுதியில் இரண்டு அறைகள் கொடுத்து, புத்தகமும் சாப்பாடும் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். டாக்டர் இல்லை, டாக்டர் இல்லை என்று எங்களிடம் வேண்டுதல் அனுப்புகிறவர்கள், பட்டம் வாங்கிய இந்தப் பிள்ளைகளை வார்டில் விடாமல் படிக்க வைப்பானேன்?" இதுவே கேள்வி. நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியர் இங்கே வைத்தியம் செய்ய வேண்டுமானால், 2002ஆம் ஆண்டு முதல் ஒரு தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது பொது விதி. எஃப்.எம்.ஜி.இ. என்று பிள்ளைகள் சொல்லுவது அதைத்தான். ஆண்டுக்கு இருமுறை, ஜூன் பருவத்திலும் டிசம்பர் பருவத்திலும், தேசியத் தேர்வு வாரியம் அதை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள். இரண்டு பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் 150 கேள்விகள், 150 நிமிடங்கள். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான தடவைகளில், எழுதுகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் தேறாமல் திரும்புகிறார்கள்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உக்ரைன் என்று போய்ப் படித்தவர்களோடு நாங்கள் பேசிப் பார்த்ததில், மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, முதல் வருஷத்தில் படித்த உடற்கூறும் உடலியங்கியலும் உயிர் வேதியியலும் ஆறாம் வருஷத்துக்குள் மறந்துபோகின்றன. இந்த மூன்று பாடங்களுக்கும் தலைக்கு 17 மதிப்பெண் உண்டு. இரண்டாவது, அங்கே பல கல்லூரிகளில் வாய்மொழித் தேர்வே வழக்கம். ஒரு நிமிடத்தில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. மூன்றாவது, பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது அந்த ஊர்ப் பாஷை. கட்டிலருகே நின்று நோயாளியின் வாயிலிருந்து கற்கவேண்டியதைப் பலர் கற்கவே முடியாமல் வந்துவிடுகிறார்கள். போதாததற்கு, 2020இல் கொரோனா வந்தது. சீனாவில் படித்தவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் பாடம் கேட்டார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடிவந்தார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து வாசலில் நிறுத்துவது அன்பாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேதத்தில் இரண்டு விதமான சோதனைகளைப் பார்க்கிறோம். நியாயாதிபதிகள் புத்தகத்தில், யோர்தான் துறையில் நின்ற காவலர், கடக்க வந்தவர்களை ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். நாக்கு சற்றுப் பிசகியவன் மாண்டான். அது அந்நியனை வெட்டித் தள்ளுவதற்கென்று வைத்த சோதனை. மற்றொன்று பொன்னைப் புடமிடும் தட்டானின் சோதனை. அதில் பொன்னின்மேல் அவனுக்குப் பகை இல்லை. அதை வாங்கி அணியப்போகிறவள் ஏமாந்துவிடக்கூடாது என்பதே அவன் கவலை. இந்தத் தேர்வு எந்த வகையைச் சேர்ந்தது? அதை அறிய, தேர்வு எழுதுகிறவரை மட்டும் பார்த்தால் போதாது. கட்டிலில் கிடக்கிறவரையும் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். கண்ணாடி விரியன் கடித்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் குழந்தையின் எடையைப் பார்த்துக் குறைத்தே கொடுக்கிறோம். விஷமுறிவு மருந்து மட்டும் அப்படியல்ல. பெரியவருக்கு என்ன அளவோ அதே அளவுதான் குழந்தைக்கும். ஏனென்றால் பாம்பு, ஆள் சிறியவன் என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இரத்தம் உறைகிறதா என்று அறிய, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கவேண்டும். இவை பரீட்சைத் தாளில் ஒரு மதிப்பெண் பெறும் விஷயங்கள். நம் வார்டில் அதுவே ஒரு பிள்ளையின் உயிர். குளிர் தேசத்தில் ஆறு வருஷம் படித்த ஒருவருக்கு இது தெரியாதிருந்தால் அது அவர் குற்றமாகாது. தெரியாமலே அந்தக் குழந்தையின் கட்டிலண்டை நாம் அவரை நிறுத்தினால், அது நம் குற்றமாகும்.

பட்டணத்தில் இருக்கிறவருக்கு ஒரு டாக்டர் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் உண்டு. சாமை விதைத்தும் புளியும் தேனும் சேகரித்தும் பிழைக்கிற நம் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்த வசதி இல்லை. வெள்ளைக் கோட்டு அணிந்து யார் முன்னே நிற்கிறாரோ அவரையே அவர்கள் நம்புகிறார்கள். "மலை ஜனங்கள்தானே, ஒன்றும் இல்லாததற்கு இதாவது இருக்கட்டும்" என்ற பேச்சை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் இரக்கம் இருப்பதுபோல் தோன்றும். உள்ளே இருப்பது அவமதிப்பு. ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியம் போதும் என்று நம் ஆண்டவர் எங்கும் போதிக்கவில்லை. ஆகையால், பதிவு பெறாத ஒருவர் நம்மிடத்தில் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை, இரவு டியூட்டி பார்ப்பதில்லை. ஆள் பற்றாக்குறை எவ்வளவு இருந்தாலும் இதில் மாற்றமில்லை. மூத்த டாக்டர்கள் ரவுண்ட்ஸ் போகும்போது அவர்கள் பின்னால் நின்று பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், மாலையில் வந்து படிக்கிறார்கள்.

வெளிநாட்டில் படித்து இங்கே ஊழியம் செய்தவர்கள் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று வேலூருக்கு வந்தார். அவர் 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, அந்தப் பெண்கள் அரசுத் தேர்வில் தேறுவார்கள் என்று நம்பினவர்கள் வெகு சிலரே. முதலாண்டுத் தேர்வை 14 பேர் எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள். பெண்கள்தானே, மிஷன் பள்ளிதானே என்று அம்மையார் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. ஆண்களுக்கு வைத்த அதே தேர்வையே எழுத வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பள்ளிக்கு உண்டான நற்பெயரின் அஸ்திபாரத்தில் இதுவும் ஒரு கல்.

நம் மலையிலேயே ஒரு சாட்சி உண்டு. ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பழங்குடிப் பெண், பிரசவமான ஓரிரு நாட்களில், 2023 நவம்பரில், சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது மலை முழுவதும் மகிழ்ந்தது. அந்தச் செய்தியை விடுதிச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் நம் பிள்ளைகள்தான்.

அவர்களுடைய பாரத்தையும் நீங்கள் அறியவேண்டும். நிலத்தை அடமானம் வைத்து அனுப்பின தகப்பன் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பார்க்கிறவர்களெல்லாம் "எங்கே பிராக்டிஸ்?" என்று கேட்கிறார்கள். நாலு மதிப்பெண்ணில் தவறின ஒரு மகள் மூன்று மாதம் ஆராதனைக்கே வரவில்லை. கேட்டபோது, "பிரசங்கம் பரவாயில்லை ஐயா, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கேட்கிற கேள்விதான் தாங்கவில்லை" என்றாள். சபையார் இதைச் சிந்திக்க வேண்டும். எகிப்தின் சாஸ்திரங்களையெல்லாம் கற்ற மோசே, மீதியானில் 40 வருஷம் ஆடு மேய்த்தார். அந்த வருஷங்களை ஒருவரும் வீண் என்று சொல்லுவதில்லை. நம் பிள்ளைகளின் இரண்டு வருஷத்தை மட்டும் ஏன் வீண் என்கிறோம்?

ஆகவே உங்கள் காணிக்கை செய்கிற வேலை இதுதான்: நோயாளிக்கு நாம் கொடுத்த வாக்கையும் காக்கிறது, வாசலண்டை நிற்கிற பிள்ளையையும் கைவிடாமல் காக்கிறது. இங்கே படிக்க ஒருவரிடமும் பணம் வாங்குவதில்லை. தேறினால் இந்த மலையிலேயே வேலை செய்யவேண்டும் என்று கையெழுத்தும் வாங்குவதில்லை. கடனாளியாக்கி ஊழியக்காரரை உண்டாக்க முடியாது. தேர்வு முடிந்தாலும் பயணம் முடிவதில்லை. அதன்பின் ஒரு வருஷம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி. அதற்குப் பின்னரே மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. இங்கே படித்தவர்கள் பிரிட்டனுக்குப் போனால் பிளாப், அமெரிக்காவுக்குப் போனால் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதுகிறார்கள். எல்லை கடக்கிற மருத்துவருக்கு எங்கும் ஒரு வாசல் உண்டு.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். ஓய்வு பெற்ற மருத்துவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து ஒரு பாடம் நடத்துங்கள். சமுதாய மருத்துவத்துக்கும் மகப்பேறு மருத்துவத்துக்கும் தலைக்கு 30 மதிப்பெண் உண்டு. அவற்றை உங்களைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்? இரண்டாவது, உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ரிசல்ட்டைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மூன்றாவது, அவர்கள் பேர் பேராக ஜெபியுங்கள். தேறவேண்டும் என்று மாத்திரமல்ல, அவர்கள் கையில் ஒப்புவிக்கப்படப்போகிற நோயாளிகளுக்காகவும் இப்போதே ஜெபியுங்கள்.

சுகமளிக்கும் ஆண்டவர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.