சிறு குண்டும் நெடுந்தூரக் குறியும்



துப்பாக்கி என்றதும் போர்க்களமும் வேட்டைக்காடும் உங்கள் நினைவுக்கு வரலாம். நான் பேசப்போவதோ இவ்விரண்டிலும் சேராத ஒரு சிறு துப்பாக்கியைப் பற்றி. தேசிய மாணவர் படையில் சேர்ந்த பலர் அதைக் கையில் ஏந்தியிருப்பீர்கள். ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிள் என்று சொல்கிறோமே, அதுதான். அதன் குண்டு பட்டாணியைவிடப் பருமனில்லை. எடை இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல்.

பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனிச் சிமிழில் இருக்கும். இதிலோ அம்மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் வெடி பிறக்கிறது. நசுங்க வேண்டுமானால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பேரழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இதன் வேகமும் அடக்கமானதே. பந்தயங்களில் இன்றும் வழங்கும் ‘லாங் ரைபிள்’ என்னும் வகை 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது.

ஒலிம்பிக் பந்தயத்தில் இத்துப்பாக்கிக்குரிய தூரம் 50 மீட்டர். பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். 2024-இல் பாரிஸ் நகரில் நம் நாட்டு வீரர் ஸ்வப்னில் குசாலே, மூன்று நிலைகளில் சுடும் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது இத்தூரத்திலேதான்.

ஆனால் அதே சிறு குண்டைக் கொண்டு 200 மீட்டரிலும் அதற்கு அப்பாலும் குறிபார்ப்பவர்கள் உண்டு. என்னையும் அந்தப் பித்துப் பிடித்தது. துப்பாக்கிச் சங்கத்து நண்பர் ஒருவர் மலையடிவாரச் சுடுகளத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். முதல் பத்துக் குண்டுகளும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், சொல்லாமல் சிரித்தார்.

கணக்கைப் பாருங்கள். குழலை விட்டுக் கிளம்பும்போது பந்தயக் குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர். ஒலியின் வேகத்தை மீறிச் செல்லும் தோட்டாக்களும் கடையில் கிடைக்கும். ஆயினும் குறியாளர் அவற்றை விரும்புவதில்லை. வழியில் வேகம் தளர்ந்து ஒலியின் வேகத்திற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும். மெதுவான குண்டு 200 மீட்டரைக் கடக்க முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கீழே இழுத்துவிடுகிறது. ஆகவே குழலை அவ்வளவுக்கு உயர்த்திக் குறிவைக்க வேண்டும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம் வேறுபட்டால், குண்டு அரைச் சாண் மேலோ கீழோ போகும்.

காற்று இன்னும் பொல்லாதது. கன்னத்தில் பட்டும் படாமலும் வீசும் குறுக்குக் காற்றே ஒரு சாண் தள்ளிவிடும். புல்லின் அசைவையும், வெயிலில் நெளியும் கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்த்துப் பழக வேண்டும். அன்று முற்பகல் முழுவதும் எனக்கு அதுவே பாடம். பத்தொன்பதாவது குண்டு இரும்புத் தகட்டில் பட்டது. சுட்டு ஒரு விநாடிக்கு மேல் கழித்தே ‘டிங்’ என்ற ஓசை வந்து சேர்ந்தது. அந்த இடைவெளியில் மனம் படும் பாடு இருக்கிறதே, அதைத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த நீங்கள் அறிவீர்கள்.

இருபதாவது தோட்டாவை இட்டேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பாதி அழுத்தியும்விட்டேன். “நிறுத்து!” என்று நண்பர் கூவினார். தகட்டுக்குப் பின்னிருந்த மண்மேட்டின் ஓரத்தில், ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் வந்து நின்றான். என் கண் தகட்டைத் தவிர வேறெதையும் காணவில்லை. இந்தப் பட்டாணிக் குண்டு தடையின்றிப் பறந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும் என்பதை நான் அறியாதவனல்லன்.

அந்தப் பக்கத்தில் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. ஏற்ற வேண்டியவன் நானே. குறிபார்க்கும் ஆவலில் மறந்துபோயிருந்தேன். துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பாயில் வைத்தேன், விரல் நடுங்கியது. சிறுவன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கொடியை மட்டும் என் கையில் கொடுத்தார். நான் நடந்துபோய் அதை ஏற்றிவிட்டு வந்தேன். கொண்டுசென்ற ஐம்பது தோட்டாக்களில் முப்பத்தொன்று அன்று வீடு திரும்பின.