புகை குறைந்தால் விறகும் மிச்சம், மூச்சும் மிச்சம்



இந்த உரையைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலர் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும். ஆனாலும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் போட ஒரு விறகு அடுப்பு இருக்கும். ஊரில் அம்மாவோ அப்பத்தாவோ இன்னும் மண் அடுப்பில்தான் சோறு வடிப்பார்கள். சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வரும்வரை விறகுக்குத் திரும்பும் வீடுகளும் உண்டு. "விறகு அடுப்பை மூட்டுவதற்குக்கூட ஒரு உரையா?" என்று நினைக்காதீங்க. தினமும் பார்க்கிற பொருள் என்பதாலேயே அதன் ஆபத்து நம் கண்ணில் படுவதில்லை.

வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை போன்ற காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், கண்புரை என்று இதன் பாதிப்பு நீள்கிறது. பாட்டியின் இருமலை "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடுகிறோம். பல ஆண்டு அடுப்படிப் புகையும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். புகை என்பது முழுதாக எரியாமல் போன விறகு. கண்ணை எரிக்கும் புகை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அல்லது வெயிலில் பொறுக்கி வந்த விறகுதான். ஆகவே புகையைக் குறைத்தால் உடம்புக்கும் நல்லது, விறகும் மிச்சம்.

புகை வருவதற்கு முதல் காரணம் ஈரம். புதிதாக வெட்டிய 10 கிலோ விறகில் ஏறக்குறைய 4, 5 கிலோ தண்ணீர்தான் இருக்கும். அடுப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மீந்த சூடுதான் உலைக்குப் போகும். சவுக்கோ, புளியோ, சீமைக் கருவேலமோ, எதுவானாலும் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கிச் சில மாதங்கள் காய விடுங்கள். மழைக்கு மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது. மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். நுனியில் வெடிப்பு விட்டிருப்பதும் நல்ல அடையாளம். அடுக்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த அடுக்கு பழையது என்ற சந்தேகம் வராது.

இரண்டாவது காரணம் காற்று இல்லாமை. அடுப்பின் வாயை விறகால் அடைத்துவிட்டால் தீ மூச்சுத் திணறும். கட்டை விரல் பருமனுக்கும் மணிக்கட்டுப் பருமனுக்கும் இடைப்பட்ட துண்டுகளாகப் பிளந்து, இரண்டு மூன்றை மட்டும் வையுங்கள். அடியில் ஒரு கம்பித் தட்டு போட்டால் கீழிருந்து காற்று ஏறும்; ஊதுகுழலுக்கு வேலை குறையும். தினமும் மூட்டுவதற்கு முன் ஆறிய சாம்பலை அள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, சமைக்கும் முறை. பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள். பாத்திரத்தை மூடி வையுங்கள். கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீரை வேகமாகக் கொதிக்க வைப்பதால் சோறு சீக்கிரம் வேகாது. கொடியடுப்பு இருந்தால் அந்த வாயைச் சும்மா விடாமல் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். சமையல் முடிந்த தணலிலேயே குளிக்க வெந்நீர் காய்ந்துவிடும்.

புகைபோக்கி வைத்த அடுப்பு இன்னும் நல்லது. 1980-களில் மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் புகையில்லா அடுப்புகள் போட்டார்கள். பல இடங்களில் குழாயில் கரி அடைத்து, துப்புரவு செய்ய ஆளில்லாமல் அவை கைவிடப்பட்டன. ஆகவே குழாயை மாதம் ஒருமுறை தட்டிக் கரியை எடுங்கள். கூரை வீடாக இருந்தால் குழாய் ஓலையைத் தொடவே கூடாது. சுவர் வழியாக வெளியே கொண்டுபோங்கள்.

இனி எதை எரிக்கக் கூடாது என்று பார்ப்போம். தீ பிடிக்க வைக்க பாலித்தீன் பையைச் செருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் புகை நஞ்சு. டயர், பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட், அரளிக் குச்சி இவையும் வேண்டாம். தென்னம்பாளை, பன்னாடை, காய்ந்த சுள்ளி போதும். தீ மங்கும்போது மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீங்க. கங்கின் மேல் விழுந்த எண்ணெய் ஆவியாகிக் குப்பென்று பிடித்து, கையிலுள்ள கேன் வரை தீ ஏறிவிடும்.

விறகு அடுப்பும் கேஸ் சிலிண்டரும் ஒரே அறையில் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிக் கங்கைத் தேடிப் போகும். கேஸ் வாசனை வந்தால் நெருப்பு மூட்டாமல், சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து. கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் அறையைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போடு தூங்கியவர்கள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீங்க. கொன்றது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே வராத தணலில் இருந்தும் அது வரும். குழந்தை பெற்ற தாயும் சேயும் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக் கனல் சட்டி வைக்கவே வைக்காதீர்கள். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே வெளியே தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள்.

அடுப்படியில் நிற்கும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நைலான் துணியைத் தவிர்த்து, பருத்தி உடுத்துங்கள். தவழும் குழந்தைகள் நெருங்காதபடி மூன்று அடிக்காவது ஒரு தடுப்பு வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கங்கு இருக்கும். அதைச் சாக்கிலோ பிளாஸ்டிக் கூடையிலோ அள்ளாமல் தகர வாளியில் எடுத்துத் தண்ணீர் தெளியுங்கள்.

துணியில் தீப்பிடித்தால் ஓடாதீங்க. தரையில் படுத்து உருளுங்கள். மற்றவர்கள் கம்பளி போர்த்தித் தீயை அணைக்கலாம். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள். கைப்பேசியில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். வலியில் 2 நிமிடமே 20 நிமிடம் போலத் தெரியும். வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இட்லி மாவு, பேனா மை, டூத் பேஸ்ட் எதுவும் பூசாமல், சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களை இப்போதே சேமித்து, வீட்டுப் பெரியவர் கைப்பேசியிலும் போட்டுக் கொடுங்கள்.

வீட்டில் கேஸ் இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பமா? 2016 மே 1-இல் தொடங்கிய பிரதமரின் உஜ்வலா திட்டத்தில், 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரில், வைப்புத்தொகை இன்றி இணைப்பு கேட்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு விவரங்களோடு பக்கத்து கேஸ் ஏஜென்சியிலோ, திட்டத்தின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். உங்கள் தெருவில் கைப்பேசி கையாளத் தெரியாத ஒரு அக்கா இருந்தால், அவருக்காக நீங்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று மாலை அடுப்பு எரியும்போது அந்த அடுப்படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால், அங்கே தினமும் மணிக்கணக்கில் உட்காருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். அடைத்திருக்கும் ஜன்னலைத் திறந்து விடுவதில் இருந்து வேலையைத் தொடங்குங்கள்.