ஸ்கூல் என்றாலே லீவுதான்

மே மாதம் பிறந்தால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். என்ன விசேஷம் என்று கேட்டால், "பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு" என்பார்கள். ஸ்கூல் என்ற சொல்லின் வேரைப் பார்த்தால், அதற்குப் பொருளே லீவுதான்!

கிரேக்க மொழியில் 'ஸ்கொலே' என்றால் ஓய்வுப்பொழுது. வேலைவெட்டி இல்லாமல், தன் இஷ்டத்துக்கு இருக்கிற நேரம். அந்த நேரத்தில் ஏதென்ஸ்காரர்கள் கூடி உட்கார்ந்து வாதம் செய்தார்கள். நாளடைவில் அந்த வாதத்துக்கும், பிறகு வாதம் நடந்த இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லத்தீனில் 'ஸ்கோலா' ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஸ்கூல் ஆயிற்று. ஸ்காலர், ஸ்காலர்ஷிப் எல்லாம் அதன் வாரிசுகள். அலுவல் என்பதற்குக் கிரேக்கர் சொன்ன சொல் 'அஸ்கொலியா', அதாவது ஓய்வின்மை. ஓய்வுதான் இயல்பு, அலுவல் அதில் விழுந்த ஓட்டை என்று நினைத்திருக்கிறார்கள்! ரோமானியர் அதற்கும் ஒரு படி மேலே. சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடத்தை 'லூடுஸ்' என்றார்கள். விளையாட்டுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். ஆங்கிலத்தில் மீன் கூட்டத்தையும் ஸ்கூல் என்கிறார்களே என்று கேட்பீர்கள். அது டச்சு மொழியிலிருந்து வந்த வேறு சொல். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது.

சரி, ஏதென்ஸ்காரருக்கு அத்தனை ஓய்வு எங்கிருந்து கிடைத்தது? வயலிலும் வீட்டிலும் வெள்ளிச் சுரங்கத்திலும் அடிமைகள் உழைத்தார்கள். இதைச் சொல்லாமல் கிரேக்கக் கல்வியை மெச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்முடைய பள்ளிக்கு வருவோம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் என்கிறோமே, அங்கெல்லாம் பள்ளி என்பது படுக்கை, உறக்கம். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடமும் பள்ளி. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில், 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான கல்வெட்டிலேயே இந்தச் சொல் இருக்கிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் துறவிகளுக்காகப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகளை, தலைக்குக் கல் திண்டோடு, இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் துறவிகள் எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால் படிக்கும் இடத்துக்கும் பள்ளி என்ற பெயர் வந்தது என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம். அங்கே ஓய்வு, இங்கே படுக்கை. இரண்டு ஊரிலும் கல்வி உழைப்பின் பக்கத்தில் பிறக்கவில்லை.

ஏற்காட்டில் இந்த இரண்டு பழைய பொருளும் இன்னும் நடமாடுகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி ஓய்வெடுக்க இங்கே பங்களா கட்டினார்கள். ஓய்வு வந்த பாதையிலேயே பள்ளிகளும் வந்தன. க்ளூனி கன்னியர் நடத்தும் பள்ளி வந்தது. 1917இல் கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் இங்கேயே தங்கி, உறங்கி எழுந்து படித்தார்கள்.

மலையில் பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. இங்குள்ள பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில் எஸ்டேட்டில் வேலை இருக்கும், கூலி கிடைக்கும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்றிருக்கும் பிள்ளைக்கு ஸ்கொலே ஏது? யாராவது சோறு போட்டால்தான் அந்த ஓய்வு பிறக்கும். காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சாதத்தோடு சேர்த்து அந்த ஓய்வையும்தான் பரிமாறினார் என்று எனக்குத் தோன்றும். இந்த மலையில் அரசு நடத்தும் பழங்குடியினர் பள்ளிகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி என்று பெயர். உண்ணவும் உறங்கவும் இடம் தந்த பிறகுதான் படிப்பு. மாங்குளத்துத் துறவி பார்த்தால் பள்ளி என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

கிரேக்கர் வந்தால்தான் சிக்கல். வாரத்தில் இருக்கிற கொஞ்சம் பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறாரே, இதற்கா எங்கள் சொல்லை வைத்தீர்கள் என்று கேட்பார்.