ஒற்றை இழையில் ஒரு பதுகம்மா



ஹைதராபாத்தில் குளிர் என்பது மார்கழியிலும் தையிலும் வந்து, விடியற்காலைகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிச் சற்றுப் பயமுறுத்திவிட்டு, சிவராத்திரிக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிற விருந்தாளியாகையால், இங்கே ஸ்வெட்டர் பின்ன உட்காருகிற ஸ்திரீ, பின்னி முடித்த நாளில் அதைப் போட்டுவிடக் குளிர் இல்லாமல் ஏமாறுவது சகஜம். அப்படி மூன்று வருஷம் ஏமாந்த பிறகுதான் நான் பொம்மை பின்ன ஆரம்பித்தேன். யானைக்கும் முயலுக்கும் பருவகாலம் கிடையாது அல்லவா?

பின்னலில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னுவது ஒன்று. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு முதிய பேகம், ‘ஸீதா, உல்டா’ என்று உருதுவிலேயே கண்ணிக்கணக்குச் சொல்லி எனக்குக் கற்பித்தது அதைத்தான். நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் பின்னுகிற குரோஷா மற்றொன்று. பொம்மைக்கு உகந்தது இதுவே. ஜப்பானியர் இவ்வகைப் பொம்மையை ‘அமிகுருமி’ என்பார்கள். பின்னுதல், பஞ்சடைத்த பொம்மை என்று பொருள்படும் இரண்டு சொற்களுக்கு முடிச்சுப் போட்டு உண்டாக்கிய பெயர் அது.

இந்தப் பின்னலைப் ‘பொழுதுபோக்கு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோதாவரி கடலில் கலக்கிற பக்கத்தில் நரசாபுரம் என்ற ஊரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷாவில் லேஸ் பின்னிக் கடல் கடந்து அனுப்பி வருகிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் அவர்களைப் பற்றி 1982-இல் வெளியிட்ட புத்தகத்தில், உலகச் சந்தைக்காக நாளெல்லாம் பின்னும் இந்தப் பெண்களை ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்று கருதியதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு சொற்பக் கூலி கொடுக்க முடிந்தது என்று எடுத்துக் காட்டினார். அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததோ 2024-இல்தான்.

போகட்டும், பொம்மைக்கு வருவோம். விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம் செய்து, அதனுள் ஆறு கண்ணிகள் போட்டு, நூலின் வாலை இழுத்தால், நடுவிலுள்ள துவாரம் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். இதைத்தான் மாஜிக் ரிங் என்கிறார்கள். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தோசை போலத் தட்டையாக விரியும், கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம் போல மேலே எழும்பும், குறைத்தால் குவியும். யானையின் தலை, முயலின் வயிறு, பேரன் கேட்கிற ஆட்டோரிக்‌ஷாவின் சக்கரம், எல்லாம் இந்த மூன்று காரியங்களுக்குள் அடக்கம்.

இந்தக் கணக்கிலே மனம் லயித்திருந்த ஒரு புரட்டாசியில்தான், எங்கள் வீட்டுக் கொலுப்படியில் ஒரு பதுகம்மாவை வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: நம் கொலுவுக்கு ஒரு நாள் முன்னதாக, மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள், தெலங்காணாப் பெண்கள், நம் ஆவாரம்பூவேயான தங்கேடு, அணில்வால் போன்ற குனுகு, சாமந்தி முதலிய பூக்களை வட்டம் வட்டமாக அடுக்கி, மேலே போகப்போகக் குறுக்கி, உச்சியில் பரங்கிப்பூவும் மஞ்சளில் பிடித்த கௌரியும் வைத்து, சுற்றி நின்று கைதட்டிப் பாடி, பிறகு நீரில் விடுகிறார்கள். வட்டம் வட்டமாக, மேலே போகப்போகக் குறுக்கி! குரோஷாக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்பது நாளுக்கு ஒன்பது சுற்று என்று அடித்தட்டைப் பின்னினேன். ஒன்பதாவது சுற்றில் கண்ணிகள் ஐம்பத்துநான்கு. பிறகு நிறத்துக்கு இரண்டு சுற்றாக, நிறம் மாறும்போதெல்லாம் ஆறு கண்ணி குறைத்து, ஒவ்வொரு நிறத்து நூலையும் முந்தையதோடு முடிச்சிட்டு ஏறினேன். முதல் தடவை, தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சை அடைத்ததில், இரண்டே நாளில் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணிகளின் சந்து வழியாகப் பஞ்சு பறந்து, கீழ்ப்படிச் செட்டியார் பொம்மையின் மீசை நரைத்துவிட்டது! அதன்பின் மெல்லிய ஊசியால் இறுக்கிப் பின்னி, துவைத்தாலும் கட்டிதட்டாத ஃபைபர் பஞ்சை அடைத்த பிறகே அம்மாள் நிமிர்ந்து நின்றாள்.

ஒன்பதாம் நாளாகிய சத்துல பதுகம்மாவன்று, எதிர்வீட்டுப் பெண் தன் பூத்தாம்பாளத்தோடு ஹுசேன் சாகருக்குப் புறப்படும்போது எட்டிப் பார்த்து, “ரொம்ப அழகா இருக்கு அக்கா, ஆனா இதை எப்படித் தண்ணியிலே விடுவீங்க?” என்று கேட்டாள். வாஸ்தவந்தானே? நூல் கரையாது. இதையெல்லாம் யோசிக்காத நான், இரவு வரை யோசித்தேன். பிறகு உச்சியில் ஒளித்து வைத்திருந்த நுனியைத் தேடி எடுத்து, முடிச்சை வெட்டி, நூலை இழுத்தேன். கௌரி போனாள், பரங்கிப்பூ போயிற்று, குனுகும் தங்கேடும் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தன. பேரன் எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டே வந்தான். கடைசியில் அந்த ஆறு கண்ணிகளும் விட்டுக்கொடுத்தபோது, படியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவன் கையில் பலவர்ணக் கண்டு ஒன்று இருந்தது.

அன்றுமுதல் ஒவ்வொரு வருஷமும் பின்னுகிறேன், ஒவ்வொரு வருஷமும் அவிழ்க்கிறேன். முதல் வருஷத்து நூல், நல்லவேளையாகப் பருத்தி. வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டதும் சுருக்கமெல்லாம் நீங்கிற்று. பிள்ளைக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் என்று இத்தனை காலம் பின்னியவள், அந்த நூலில்தான் முதன்முதலாக எனக்கென்று ஒரு கண்ணாடிக்கூடு பின்னிக்கொண்டேன். இந்த உரையை வாசிக்கக் கண்ணாடியை இப்போது அதிலிருந்துதான் எடுத்தேன்.

நேரமாகிவிட்டதென்று ஜாடை காட்டுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மைக்குப் பொத்தான் கண் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடும், நூலாலேயே தைத்துவிடுங்கள். கண்டு வாங்கும்போது சாயத்தின் லாட் நம்பர் பார்த்து ஒரே தடவையாக வாங்குங்கள், இல்லையேல் யானையின் நான்காவது கால் வேறொரு சாம்பல் நிறமாகிவிடும். கை கால் தைத்து இணைப்பது பற்றிச் சொல்ல இருந்ததைச் சொல்லவில்லை. அடுத்த நவராத்திரிக்குள் உங்களில் யாராவது ஓர் ஒன்பது சுற்றாவது பின்னியிருப்பீர்கள் என்று நம்புகிறேன், மீதியை அப்போது சொல்கிறேன்.